பாட்டின் கடைசியில் ஒரு சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. கோதண்டம்.

“சார், நம்ம மங்கலம்பேட்டை அம்மா எந்தத் தேதியில தவறினாங்க?”

“எதுக்கு?”

“நெட்ல போடணும் சார். பொறந்த வருஷத்த சேலத்துக்காரன் ஒருத்தன் முந்திக்கிட்டான். இதையாவது நாம மொதல்ல போட்டுருவோம்.”

தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய். தேதி தெரியும். கிழமை தெரியும். அன்றைக்கு அந்த நேரத்தில் நான் எங்கே உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்பதுகூடத் தெரியும். கோதண்டத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

கோதண்டம் யார்? விருத்தாசலம் பாலக்கரையில் பீங்கான் கடை வைத்திருப்பவர். ஊறுகாய் ஜாடி, டீ கப், கொலு பொம்மை எல்லாம் கிடைக்கும். கடைக்கு மேலே கோடவுன். வைக்கோல் சுற்றி அடுக்கிய ஜாடிகளுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் சபை கூடும். கோதண்டம், கணக்கு வாத்தியார் ஜோசப் சார், நான், இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எல்லோருக்கும் ஒரே பைத்தியம் – அறுபதுகளில் வந்த டான்ஸ் பாட்டு இசைத்தட்டுகள். கிடார், பாங்கோ, ட்விஸ்ட், நடுவில் ‘ஹேய்’ என்று ஒரு கூச்சல்... அந்த வகையறா.

ஹிட்டான பாட்டைப் பற்றி அங்கே வாயைத் திறந்தால் மரியாதை போய்விடும். ஊருக்கே தெரிந்த பாட்டில் என்ன பெருமை? யாருக்கும் தெரியாத பாட்டு வேண்டும். யாருக்கும் தெரியாத பாடகி வேண்டும். எந்த வருஷம், எந்த ஸ்டூடியோ, தட்டின் அடுத்த பக்கம் என்ன பாட்டு, கிடார் வாசித்தது யார்? பதில் தெரியாதவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பாட்டின் முதல் வரியை யாரும் சொல்லமாட்டோம். இசைத்தட்டின் நம்பரைத்தான் சொல்வோம். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர், பாவம், ஆசையாகப் பல்லவியை எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார். கோதண்டம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பாடிக் காட்டாதீங்க சார். நம்பரச் சொல்லுங்க.”

அவர் அப்புறம் வரவே இல்லை. அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

எங்களுக்குப் பாட்டு பிடிக்கும் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் தவறு. எங்களுக்குப் பிடித்தது, அடுத்தவனுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும் என்கிற அந்தச் சின்ன அரிப்பு. அவ்வளவுதான்.

கோதண்டத்திடம் ஒரு தட்டு இருக்கிறது. வெளிவராமல் பெட்டிக்குள்ளேயே முடங்கிப்போன ஒரு படத்தின் பாட்டு. எங்களுக்குத் தெரிந்து அந்தத் தட்டு வேறு யாரிடமும் இல்லை. லேபிளில் பாடியவர் பெயர் சுகுணவல்லி. அந்தப் பெயரில் வேறு பாட்டே கிடையாது. யார் இவர்? எந்த ஊர்? ஒரு பாட்டோடு எங்கே போனார்?

அதைவிடப் பெரிய சண்டை ஒன்று. பாட்டு முடிந்து வாத்தியங்கள் எல்லாம் நின்றபிறகு, கடைசியில் அமுங்கினாற்போல ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அது என்ன? மரக்கட்டைத் தாளம் என்பது கோதண்டம் கட்சி. கிடார் மைக்கில் இடித்துவிட்டது என்பது ஜோசப் சார் கட்சி. ஐந்து வருஷம் பேசினோம். எத்தனை டீ குடித்திருப்போம் என்று கணக்கே இல்லை.

வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்தச் சுகுணவல்லியைப் பற்றி இதே பத்தியில் ஒரு வாரம் எழுதினேன். ‘மறைந்த பாடகி’ என்று எழுதினேன். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நாற்பது வருஷமாகப் பேச்சு மூச்சு இல்லை, ஆள் இருக்கமாட்டார் என்று நாங்களே கோடவுனில் உட்கார்ந்து முடிவு பண்ணிவிட்டோம்.

பத்து நாளில் ஒரு போஸ்ட்கார்டு வந்தது. மங்கலம்பேட்டையிலிருந்து மல்லிகா என்பவர் எழுதியிருந்தார். ‘நீங்கள் எழுதிய சுகுணவல்லி என் அம்மாதான். உயிரோடுதான் இருக்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். சிரித்தார்.’

அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறார் மனுஷி! நாங்கள் சென்னைக்கும் சேலத்துக்கும் கடிதம் போட்டுக்கொண்டிருந்தோம்.

கோதண்டம், ஜோசப் சார், நான் – மூன்று பேரும் கிளம்பினோம். கோதண்டம் அந்தத் தட்டை டர்க்கி டவலில் சுற்றி, பீங்கான் பெட்டியில் வைக்கோல் போட்டு, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உறை மேல் கையெழுத்து வாங்க வேண்டுமாம்.

சிமென்ட் ஷீட் போட்ட சின்ன வீடு. அறுபது வயது அம்மா ஒருவர், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “வாங்க, வாங்க... செத்துப்போனவள பாக்க வந்தவங்க நீங்கதானா?” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் மல்லிகா டீ கொண்டுவந்தார். அவர் தினமும் விருத்தாசலம் வந்து, பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவர்.

உட்கார்ந்ததும் கோதண்டம் நோட்டை எடுத்துவிட்டார்.

“எந்த வருஷம் ரெக்கார்டிங்மா? மாசம் ஞாபகம் இருக்குதா?”

“வருஷம்லாம் தெரியாதுங்க. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. மழ பேஞ்சுகிட்டு இருந்தது. நல்லா ஜுரம் வேற. இரும இரும மூணுவாட்டி பாட்டு கெட்டுப்போச்சு. நாலாவது வாட்டி பொடவத் தலைப்ப கையில சுருட்டி வச்சிக்கிட்டு நின்னேன். கடைசி வரி முடியிற வரைக்கும் அடக்கிட்டேன். அப்பறம்...”

“அது இருக்கட்டும்மா. கிடார் ஒண்ணா ரெண்டா?”

“ஒருத்தர்தாங்க வாசிச்சாரு. செவப்பா, நெட்டையா இருப்பாரு.”

“இல்லம்மா, ரெண்டு கிடாரு. நீங்க மறந்துட்டீங்க.”

நான் இதை ஜோடிக்கவில்லை. பாடியவரிடமே போய், உங்களுக்குத் தப்பாக ஞாபகம் இருக்கிறது என்று திருத்தினார். நானும் ஜோசப் சாரும் தலையாட்டினோம். எங்கள் மூன்று பேர் நோட்டிலும் ‘கிடார் – 2’ என்றுதான் இருந்தது.

கையெழுத்துக்காகத் தட்டை எடுத்து நீட்டினார். அந்த அம்மா உறையைப் பார்க்கவில்லை. தட்டை வெளியே எடுத்து, இரண்டு கையிலும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிளில் தன் பெயரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். அப்புறம் கேட்டார்:

“இதப் போட்டுக் காட்டுவீங்களா?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணத்துக்குப் போனவன் தாலியை மறந்த கதை. தட்டு கொண்டுவந்தோம், பேனா கொண்டுவந்தோம், நோட்டு கொண்டுவந்தோம். தட்டைப் போட ஒரு பிளேயர் வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அது கேட்பதற்கான பொருள் என்பதையே மறந்து பல வருஷம் ஆகிவிட்டது போலிருக்கிறது.

“நான் இத கேட்டதே இல்லீங்க” என்றார் அந்த அம்மா. “அன்னிக்கு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவங்களுக்கு போட்டுக் காட்னாங்க. என்ன போயி சாப்டச் சொல்லிட்டாங்க. படம் வரல. அடுத்த தையில கல்யாணம். அவரு வூட்ல பாட்டுன்னாலே ஆவாது... பாடினது ஞாபகம் இருக்குது. எப்பிடிப் பாடினேன்னுதான் தெரியாது. ஒருவாட்டி கேட்டுட்டா போதும்.”

கோதண்டம் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: “அடுத்த வாரமே கேசட்ல போட்டு அனுப்புறேம்மா.”

பஸ் புறப்பட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. “கேசட்லாம் முடியாது சார்” என்றார். “இன்னிக்கு கேசட்டு. நாளைக்கு எவனாவது சி.டி. போடுவான். நாளான்னிக்கு நெட்ல வந்துரும். அப்பறம் எங்கிட்ட இருக்கிற தட்டுக்கு என்ன மதிப்பு?”

“அப்ப அந்தம்மாவ கடைக்குக் கூட்டிட்டு வந்து போட்டுக் காட்டலாமே” என்றார் ஜோசப் சார்.

“முள்ளு ஒவ்வொரு வாட்டி எறங்கும்போதும் தட்டு தேயுது சார். நானே வருஷத்துக்கு ஒருவாட்டிதான் போடுறேன்.”

ஜோசப் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். கோதண்டத்தைத் திட்டுவது சுலபம். இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அந்தப் பாட்டு என்னிடம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோதண்டம் டெல்லிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். பூட்டிய கடையில் வைக்க பயந்து, காப்பி எடுக்கமாட்டேன் என்று பழமலைநாதர் மேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, தட்டை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அவர் ரயில் ஏறிய மறுநாளே கேசட்டில் பிடித்துவிட்டேன். மேலே ‘பக்திப் பாடல்கள்’ என்று எழுதி பீரோவில் வைத்திருந்தேன். எதற்கு? கேட்பதற்கா? இல்லை. என்னிடமும் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் போதும், அதற்கு.

அந்தக் கேசட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? விஷயம் கோதண்டத்தின் காதுக்குப் போகும். கோடவுனில் என் நாற்காலி போகும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பதா? ஆமாம், தராசின் ஒரு தட்டில் அந்த அம்மாவின் ஆசை, இன்னொரு தட்டில் என்னுடைய பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கு நாற்காலிதான் கனமாக இருந்தது.

இரண்டாவது போஸ்ட்கார்டு வந்தது. ‘அம்மா கேட்கச் சொன்னார்கள். அவசரம் இல்லை.’ அவசரம் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்களே! பொங்கல் போகட்டும் என்றேன். அப்புறம் பரீட்சை முடியட்டும் என்றேன். என் வீட்டில் பரீட்சை எழுத யாருமே இல்லை.

எட்டு மாதம் கழித்து, கோதண்டம் திருப்பதி போன ஒரு வாரம் பார்த்து, கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

மல்லிகாதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், பையிலிருந்து நான் எடுத்த கேசட்டைப் பார்த்தார்.

“பதினாறு முடிஞ்சு நாலு நாளாவுதுங்க” என்றார்.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அலமாரியில் ஒரு பெரிய டேப் ரெக்கார்டர். “பக்கத்து வூட்டு ஜமீலாக்காவோடது. அவங்க வூட்டுக்காரரு சவுதியிலேருந்து கொண்டாந்தது. நீங்க வந்துட்டுப் போன மறுநாளே அம்மா கேட்டு வாங்கி வச்சிட்டாங்க. போடுற நேரம் பாத்து கரண்ட் போயிடும்னு, பேட்டரி வேற வாங்கிப் போட்டு வச்சாங்க.”

கேசட்டை அவரே வாங்கிப் போட்டார். நானும் அன்றைக்குத்தான், இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அதைக் கேட்டேன். பத்தொன்பது வயதுப் பெண். குரலில் அப்படி ஒரு துள்ளல், நடுவில் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு. நன்றாகத்தான் பாடியிருக்கிறார். எங்கள் நோட்டுகள் எதிலும் அந்த ஒரு விஷயம் மட்டும் இல்லை.

பாட்டு முடிந்தது. கடைசியில் அந்த ‘டொக்’.

மல்லிகா சட்டென்று நிமிர்ந்தார். “அம்மா!” என்றார். பிறகு, “அம்மா பாடி நான் கேட்டதே இல்லீங்க. பாட்டுல இருக்கறது யாரோ மாதிரி இருக்குது. இதுதான் எங்கம்மா. வாயில பொடவய வச்சிக்கிட்டு இப்பிடித்தான் இருமுவாங்க” என்றார். அழுதார். நானும் அழுதேன். ஆனால் எனக்கு அழ என்ன யோக்கியதை இருக்கிறது?

கிளம்பும்போது அவர் கோபமே இல்லாமல் ஒன்று சொன்னார். “எங்க கம்பெனி பஸ்ஸு தெனம் உங்க தெரு வழியாத்தான் போவுது சார். ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நானே எறங்கி வாங்கிட்டு வந்திருப்பேன்.”

கேசட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

கோதண்டம், இந்தப் பத்தியை நீங்கள் வாராவாரம் படிப்பீர்கள் என்று தெரியும். சத்தியத்தை மீறினேன், நாற்காலியை எடுத்துவிடுங்கள். அது தாளக்கட்டை இல்லை. ஜோசப் சார், கிடாரும் இல்லை. ஜுரத்தோடு நின்ற ஒரு பெண்ணின் இருமல். அந்த அம்மா அன்றைக்கே சொல்ல ஆரம்பித்தார், நாம்தான் கிடார் எண்ணிக்கொண்டிருந்தோம்.