மண்டலின் இல்லாத கசெற்

மாமாவின் இசைக்குழு தன் இரண்டாவது கசெற்றை வெளியிட்டபோது எனக்குப் பத்து வயது. புலம்பெயர்ந்து வந்து மில்லிக்கனில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்களாக இருந்தோம். மேலே நாங்கள், பேஸ்மென்டில் அம்மாவின் தம்பியான மாமாவும் அவருடைய மனைவியான மாமியும். மாமா ஒஷாவாவில் கார் இருக்கைகள் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்த ஐந்து வெள்ளைக்காரர்கள் கன்ட்ரி ரொக் என்ற, நாட்டுப்புறச் சாயல் கொண்ட மேற்கத்திய இசை வாசித்தார்கள். யாழ்ப்பாணத்தில் மாதா கோயில் பாடகர் குழுவில் மண்டலின் வாசித்த மாமாவை அவர்கள் ஆறாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டது எப்படி என்பதை மாமா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். ஆகவே அதை இங்கே எழுதவில்லை.

முதல் கசெற் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். குதிரை, மழை, விட்டுப்போன காதலி, இவற்றில் ஒன்றாவது ஒவ்வொரு பாட்டிலும் வரும். எந்தப் பாட்டையும் மண்டலின்தான் தொடங்கிவைக்கும். அட்டைப் படத்தில் ஆறு பேரும் ஒரு மரவேலியில் சாய்ந்து நிற்பார்கள். ஓரத்தில் நிற்கும் மாமாவின் தொப்பி காதுவரை இறங்கியிருக்கும். மாமிக்கு அந்தப் படத்தைப் பிடிக்கும். மண்டலினைப் பிடிக்காது. அவர் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் மாமா அதைச் சுருதி கூட்டத் தொடங்குவார் என்பது அவருடைய நிரந்தரக் குற்றச்சாட்டு.

இரண்டாவது கசெற் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு போடப்பட்டது. முதல் பாட்டு கனத்த ட்ரம்ஸ் சத்தத்தோடு தொடங்கியது. பிறகு ஓர்கன், அதன் மேல் இரண்டு எலெக்ட்ரிக் கிற்றார்கள். குதிரையைக் காணவில்லை. மண்டலின் அடுத்த பாட்டில் வரும் என்று காத்திருந்தோம். பிறகு மறுபக்கத்தில் வரும் என்று காத்திருந்தோம். கசெற் டக்கென்று நின்றது.

"தம்பி, இதில நீர் எங்க வாறீர்?" என்று அப்பா கேட்டார்.

"நான் இல்லை, அத்தான். இந்த முறை சத்தத்தை மாத்திப்போட்டம்" என்றார் மாமா. அவர் முகத்தில் துக்கம் எதுவும் இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தார்.

மாமி அட்டையை எடுத்துப் பார்த்தார். வேலி அதேதான். சாய்ந்து நின்றவர்கள் ஐந்து பேர்.

மாமாவைக் குழுவில் இருந்து நிறுத்திவிட்டார்கள், வெளியே சொல்ல வெட்கம் என்று அம்மாவும் அப்பாவும் முடிவு செய்தார்கள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் மாமா சவரம் செய்து, நல்ல சேர்ட் போட்டு, வழக்கம்போல ஒஷாவாவுக்குப் புறப்பட்டார். மண்டலின் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. மாமி படியேறி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினார். நான் சோபாவில் வீட்டுப்பாடம் செய்வதுபோல இருந்தேன். வாசிக்காத மனுசனுக்கு ஒத்திகை எதற்கு என்பதுதான் கேள்வி. விடையாக மாமி ஒரு பெண்ணை வைத்திருந்தார். அவளுக்குப் பெயரும் முகமும் மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாம் வெள்ளி என்னை அனுப்பினார்கள். பிள்ளைக்கு இசை கேட்க ஆசையாம் என்று மாமாவிடம் சொல்லப்பட்டது. எனக்கு அப்படி ஓர் ஆசையும் இருந்ததில்லை. தலை சீவிவிடும்போது மாமி காதருகே, "வடிவாப் பார் பிள்ளை. ஆர் ஆர் நிக்கினம், ஆர் இவரோட கதைக்கினம், எல்லாம் பார்" என்றார். மாமா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கார்க் கதவைத் திறந்துவிட்டார். அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒத்திகை நடந்தது ட்ரம்ஸ் அடிப்பவரின் வீட்டுக் கராஜில். அங்கே இருந்த ஒரே பெண் அவருடைய மனைவி. கால் வீங்கி, ஊன்றுகட்டை வைத்து நடந்த அவர் எனக்குச் சூடான சொக்லேட் தந்துவிட்டு ஹொக்கி பார்க்க உள்ளே போய்விட்டார். அவரை நீண்ட நேரம் யோசித்த பிறகே பட்டியலில் இருந்து எடுத்தேன்.

மாமா கவிழ்த்துவைத்த பெயின்ற் வாளியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் வாசித்தார்கள். முடிந்ததும் ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஏதோ ஓரிரு சொல் சொன்னார். மறுபடி வாசித்தார்கள். மறுபடி பார்த்தார்கள். ஒருமுறை பாடுகிற தாடிக்காரர் எங்கிருந்தோ ஒரு மண்டலினை எடுத்து மாமாவின் மடியில் வைத்தார். மாமா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தாடிக்காரர் தோளைக் குலுக்கினார். துரத்திவிட்டவர்கள் ஏன் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்? எனக்குக் கணக்கு உதைத்தது.

திரும்பும் வழியில் நேரடியாகவே கேட்டேன்.

"நான்தான் வேண்டாமெண்டனான்" என்றார் மாமா. "நான் வாசிச்சால் புதுப்பாட்டும் பழைய பாட்டாப் போகுது. எடுத்துப்போட்டு வாசிச்சுப் பாருங்கோ எண்டு சொன்னன். நல்லா வந்துது."

நான் நம்பவில்லை. நத்தாருக்குப் போட்ட இயேசு பிறப்பு நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேடத்துக்கே வகுப்பில் இரண்டு பேரோடு சண்டை பிடித்தவள் நான். கிடைத்த இடத்தை ஒருவர் தானாக விட்டுவிட்டு, பிறகு வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்பது நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை.

மாமியிடம் கண்டதைக் கண்டபடி சொன்னேன். பெண் இல்லை என்றதும் அவர் நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்தேன். மாமா சொன்ன காரணத்தையும் சொன்னபோது அவர் கையில் இருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"தானே வேண்டாமெண்டு சொன்னவராமோ?"

"ஓம் மாமி."

மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

அடுத்த வெள்ளி மாமியும் வந்தார். ஒரு தட்டு நிறைய இறைச்சி ரோல் பொரித்து எடுத்துக்கொண்டு காரின் முன் இருக்கையில் ஏறினார். நான் பின்னால். கராஜில் அவருக்கு மடக்கு நாற்காலி போட்டார்கள். ரோல்கள் முதல் பாட்டுக்குள்ளேயே தீர்ந்தன. தாடிக்காரர் மாமியின் பக்கத்தில் குந்தி, அவருக்கு விளங்கவேண்டுமென்று ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: எவ்வளவோ கேட்டோம், உன் கணவர்தான் மாட்டேன் என்றார், அவர் சொன்னது சரியாகவும் போயிற்று, இப்போது அவர் காது இல்லாமல் நாங்கள் ஒன்றும் செய்வதில்லை. மாமி தலையாட்டினார். ஆக, மாமா பொய் சொல்லவில்லை. என் கணக்கில் விசாரணை முடிந்தது. இனி மாமி சிரிப்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒஷாவாவின் வெளிச்சங்கள் பின்னால் போய்விட்ட பிறகு மாமி கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"உயிரை விட்டு வாசிச்ச சாமான். நான் இல்லாமல் நல்லாயிருக்கு எண்டு எழும்பி வந்திட்டியள். ஒரு கவலையும் இல்லை."

"அது பாட்டுத்தானே" என்றார் மாமா.

"பாட்டையே அப்பிடி விடுறவர், நாங்கள் எந்த மூலைக்கு? ஒருநாள் வீட்டையும் அப்பிடி இருந்து பாப்பியள். நான் இல்லாமலும் நல்லாத்தான் ஓடுது எண்டு சொல்லுவியள்."

மாமா சிரிக்கப் பார்த்தார். மாமி அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. மாமா காரின் வேகத்தைக் குறைத்து ஓரப் பாதைக்கு வந்தார்.

"வாற கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போறியள்" என்றார் மாமி. "வாசிக்கிறியள். பாட்டுக் கெட்டால் கெடட்டும்."

மாமா சரி என்றாரா என்பது எனக்குக் கேட்கவில்லை. மாமியின் கை மட்டும் அவருடைய சேர்ட்டின் கையைப் பிடித்திருந்தது. வீடு வரும்வரை அதை விடவில்லை.

மறுநாள் காலை அம்மாவிடம் என் முடிவை அறிவித்தேன். மாமி அழுததற்கு இருக்கக்கூடிய மற்றக் காரணங்கள் எல்லாவற்றையும் நான் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டிருந்தேன். மாமிக்கு மண்டலின் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று சொன்னேன்.