சாம்பல் அங்கிக்குள் இருந்த மாமா

என் கதைகளைப் படிக்கிற பிள்ளைகள் என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சாம்பல் அங்கிக்காரன் யார்? மந்திர நாட்டுக் கதை எழுதிப் பிழைக்கிறவள் நான். அரசனையும் அரக்கனையும் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுகிறேன், அவர்களை ஒருத்தரும் விசாரிப்பதில்லை. நடுவில் வந்து போகிற அந்த வேடதாரியைத்தான் விசாரிக்கிறார்கள். தலையை மூடிய சாம்பல் நிற அங்கி. ஒரு நாள் வலது காலை நொண்டுவான், இன்னொரு நாள் இடது காலை. குரல் கிழவனுடையது, கை இளைஞனுடையது. கோட்டைக்குள் விறகுகாரனாகப் போய் நீதிபதியாக வெளியே வருவான். எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவுவான், ஆனால் ஏமாந்தவனுக்கு அதனால் ஏதோ ஒரு நல்லது நடந்திருக்கும். அங்கியை விலக்கி முகத்தைக் காட்டு, காட்டு என்று பிள்ளைகள் என் உயிரை வாங்குகிறார்கள்.

காட்டினால் சப்பென்று போய்விடும். அந்த அங்கிக்குள் இருந்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர். மாமா. குள்ளம், கொஞ்சம் தொப்பை, முன்வழுக்கை. பல மாடித் துணிக்கடை ஒன்றில் திருட்டைக் கண்காணிக்கிற வேலை. சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற காவலாளி இல்லை. துணி வாங்க வந்தவர் மாதிரியே கூட்டத்தோடு கூட்டமாகத் திரிந்து, யார் எதைப் பைக்குள் நுழைக்கிறார்கள் என்று பார்க்கிற ஆள்.

முகம் இருக்கிறதே, அதைக் கொடுத்த நேரத்தில் ஆண்டவன் வேறு ஏதோ யோசனையில் இருந்திருக்க வேண்டும். பார்த்த மறுநிமிஷம் மறந்துபோகிற முகம். கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு இதில் மாப்பிள்ளை யார் என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அக்கா அப்போதெல்லாம் முறைப்பாள். மாமாவுக்கோ அதுதான் பெரிய சொத்து.

ஒட்டு மீசை, பொய் முடி எதையும் அவர் தொட்டதில்லை. அதெல்லாம் உன் கதையில் வைத்துக்கொள் என்று என்னைக் கிண்டலடிப்பார். அவரிடம் இருந்தது ஒரு பழைய மூக்குக்கண்ணாடி, ஒரு குடை, இரண்டு மூன்று சட்டை, அவ்வளவுதான். மீதியை உடம்பே பார்த்துக்கொண்டது. தோளைக் கொஞ்சம் தொங்கவிட்டால் வேலை போன ஆள். வயிற்றை முன்னால் தள்ளினால் பணக்கார மாமனார். கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்தால் முதல்முறை பெரிய கடைக்குள் வந்து மிரண்டவர். கடைப் பெண்கள் தினமும் காலையில் "இன்னிக்கு யாரு?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. இன்னிக்கு-யாரு சார் சாப்பிட வந்தாச்சா என்று கூசாமல் விசாரிப்பார்கள்.

என்னையும் விட்டுவைக்கவில்லை மனுஷன். ஒரு நாள் மின்சார மீட்டர் பார்க்கிறவராக என் வீட்டு வாசலில் வந்து நின்று, வயர் இப்படித் தொங்கினால் எப்படி, படித்தவர்தானே நீங்கள் என்று என்னைப் பிடி பிடியென்று பிடித்தார். நான் சார், சார் என்று குழைந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நாளைக்கே சரிசெய்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் காதில் பூ சுற்றுகிற எனக்கே காது குத்திவிட்டாரே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்த வயரை மறுநாளே மாற்றினேன். அது நிஜமாகவே ஆபத்தாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலையிலும் அப்படித்தான். யாரையும் கையும் களவுமாகப் பிடித்துக்கொடுப்பதில் அவருக்கு இஷ்டமே இல்லை. தொழிலாகத் திருடுகிறவனை விடமாட்டார், அது வேறு. ஆனால் குழந்தைச் சட்டையைப் பைக்குள் செருகிவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்கிற ஒரு தாயைப் பார்த்தால், அவள் பக்கத்தில் போய் நின்று, போனில் யாரிடமோ பேசுவதுபோல, இந்தக் கடையில் மூலைக்கு மூலை கேமரா வைத்திருக்கிறார்களாம் என்று சத்தமாகச் சொல்வார். சட்டை தானாக அலமாரிக்குத் திரும்பிவிடும். இந்த மாசம் ஒருத்தரைக்கூடப் பிடிக்கவில்லையே என்று மேலாளர் காய்ச்சி எடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அதுவும் நடிப்புதான்.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் அவள் கடைக்குப் போயிருக்கிறாள். கூட்டத்தில் புருஷனைப் பார்த்ததும் புதுப் பெண்டாட்டிக்கு வருகிற சந்தோஷத்தில் "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். பிளேடால் பையைக் கிழித்துத் திருடுகிற ஒருத்தனை மாமா பின்தொடர்ந்துகொண்டிருந்த நேரம் அது. இவர் கடை ஆள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தப்பி ஓடுகிறபோது அந்தப் பிளேடு மாமாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது. கழுத்தில் இறங்கியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே சட்டம். கடைக்குள் பார்த்தால் நான் யாரோ, நீ யாரோ. சட்டம் போட்டவர் மாமா. அதைக் கட்டிக்காத்தவள் அக்கா. அவருடைய உயிர் தன் வாயில் இருக்கிறது என்று நம்பினாள். போகப் போக அதுவே இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் கடைக்குப் போவாள், அவரைக் கண்டுபிடிப்பாள், காற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கடந்து போவாள். சாயங்காலம் வீட்டில் அவர் மதிப்பெண் போடுவார். ஒரு தடவை வழியை மறைத்துக்கொண்டு நின்றவரிடம் "கொஞ்சம் நகருங்க, எருமை மாதிரி நிக்கறீங்களே" என்று எரிந்து விழுந்திருக்கிறாள். ஒரு வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார் மாமா. புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்ள உலகத்தில் வேறு வழியே இல்லையா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

வயசு ஏறியது. போன வருஷம் மாமாவுக்கு நெஞ்சில் அடைப்பு இருப்பதாக மருத்துவர் சொன்னார். மாடி ஏறி இறங்கக் கூடாது, வேலையை விட்டுவிடுங்கள் என்றார். அக்கா கெஞ்சினாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். தள்ளுபடி விற்பனை முடியட்டும், விட்டுவிடுகிறேன் என்று அவர் சத்தியம் செய்தார். ஏறி இறங்காமல் இருப்பதற்கு ஒரு வேஷமும் கண்டுபிடித்தார். நோயாளி அப்பா. குடும்பம் துணி எடுக்கிறது, சீக்காளிக் கிழவர் உடைமாற்றும் அறைகளுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரும வேண்டும், நெஞ்சைத் தடவ வேண்டும், அடிக்கடி கண்ணை மூட வேண்டும். திருடுகிறவர்கள் அந்த அறைகளுக்குத்தான் வருவார்கள், செத்துக்கொண்டிருக்கிற கிழவனை எவனும் சட்டைசெய்ய மாட்டான் என்று அவர் எங்களுக்கு விளக்கினார். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. நிஜமாக நெஞ்சுவலி இருக்கிற மனுஷன் நெஞ்சுவலியை நடிப்பதாவது! வாய்விட்டுத் திட்டினேன். சிரித்தார்.

அன்றைக்குக் காலையில் தோள் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். அக்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தலையணை உறை வாங்குகிற சாக்கில், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கடைக்குப் போனாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சில். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அக்கா எதிரே வந்ததும் மடியில் கிடந்த இன்னொரு கையை லேசாக, இரண்டு விரல் அளவுக்கு, தூக்கினார். அக்கா அவரைக் காற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கடந்து போனாள். தலையணை உறை வாங்கினாள். மனசு லேசாகி, பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்து, மனுஷன் நன்றாகத்தான் இருக்கிறார், வழக்கத்தைவிட ஜோராக நடிக்கிறார் என்று எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். நானும் நிம்மதியாக எழுத உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை கடையிலிருந்து, மாமாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருப்பதாக.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அவர் கை தூக்கினாரே, கை தூக்கினாரே என்று அதையே முனகிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம், அவர்மேல் கோபம், அந்தப் பாழாய்ப்போன சட்டத்தின்மேல் கோபம். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் மாமா கண் விழித்தார். எங்களை உள்ளே விட்டார்கள். அந்தக் கட்டிலில் கிடந்த முகத்தை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன். எந்த ஆளாகவும் இல்லாத முகம். அக்கா அவர் காலடியிலேயே நின்றுவிட்டாள், கிட்டே போகவில்லை. அவர்தான் பக்கத்தில் வரச் சொன்னார்.

"நேத்து நல்லா பண்ணின" என்றார். "ஒரு குறை இல்ல."

நீங்கள் கை தூக்கினீர்களே என்று அக்கா கேட்டாள்.

"போன்னு காட்டினேன். உனக்குப் பின்னாடி ஒருத்தன் நின்னுட்டு இருந்தான், அவனைத்தான் பார்த்துட்டு இருந்தேன். அப்ப எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ போய் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வலி வந்துச்சு. நீ கூப்பிட்டிருந்தா அவன் தப்பிச்சிருப்பான்."

மூச்சு வாங்கி வாங்கித்தான் இவ்வளவையும் சொன்னார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் நெற்றியில் கை வைத்தாள்.

"அதானே பார்த்தேன்" என்றாள். "போன்னு சொல்றீங்கன்னுதான் நானும் போயிட்டேன். அவன் மாட்டினானா?"

மாட்டினான் என்று மாமா சொன்னார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. வந்தவுடனே தூங்கிப்போனார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கின மாதிரி இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு, வீட்டில் நானும் அக்காவும்தான் இருந்தோம். காய்ந்த துணிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தேற்றுகிற நினைப்பில் நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, கண்மூடுவதற்கு முன்னால் அவர் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார், இல்லாவிட்டால் காலத்துக்கும் நீ இதைச் சுமந்திருப்பாய் என்றேன்.

அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவ்வளவு ஏசியில அவரு சட்டை முதுகோட ஒட்டிக் கிடந்துச்சுடி" என்றாள். "நெத்தியில முத்து முத்தா வேர்வை. வேர்வையை யாராவது நடிக்க முடியுமா? நான் பார்த்தேன். தண்ணியைத் தெளிச்சுக்கிட்டாரு போலன்னு நினைச்சேன். எவ்வளவு சாமர்த்தியம்னு பெருமையா இருந்துச்சு எனக்கு."

அப்படியானால் அவர் சொன்னது பொய் என்று அங்கேயே தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"சொல்ல ஆரம்பிச்சப்பவே தெரியும். என்னைக் காப்பாத்தத்தான் சொல்றாருன்னும் தெரியும்." மடித்த சட்டையை மடியில் வைத்துத் தடவினாள். "நான் நம்பிட்டேன்னு அவரு நம்பணும். இல்லன்னா அந்த மனுஷனுக்கு நிம்மதியா தூக்கம் வந்திருக்குமா? நம்பிட்டாருடி. இத்தனை வருஷத்துல நான் அவரை ஏமாத்தினது அது ஒண்ணுதான்."