ஒரே மெஷின் போதும் என்றிருந்தேன்

ஓரம் மூட்டும் ஓவர்லாக், கீழ்மடிப்பு அடிக்கும் ஃபிளாட்லாக், இரண்டும் ஒரே மெஷினில்! கேட்டதுமே ராயப்பேட்டைக் கடைக்கு ஓடினேன். பள்ளி விளையாட்டு விழாவுக்கு நாற்பது பனியன், பத்தே நாள், என் முதல் ஆர்டர்.

நூல் வாங்க வந்திருந்த தையல்கார அக்கா ஒருவர், "ஒண்ணு தச்சுப் பாத்துட்டு வாங்கும்மா" என்றார்.

கையோடு கொண்டுபோயிருந்த துணியில் ஒரு பனியனை அங்கேயே மூட்டினேன். ஊசி, நூலெல்லாம் மாற்றி மடிப்புக்குப் போக அரைமணி ஆனது. முடித்த பிறகுதான் ஒரு கையை உள்புறம் வெளியே வர மூட்டியிருந்தது தெரிந்தது. பிரித்துத் தைக்க, மறுபடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்!

"இன்னாம்மா, அவசரக்குடுக்கையா கீறியே! உனக்கு ரெண்டு மெஷின் வோணும். இப்ப ஓவர்லாக் மட்டும் வாங்கிக்க. எங்க வூட்ல ஃபிளாட்லாக் கீது, மடிப்ப அங்க வந்து அடி" என்றார் அக்கா.

அப்படியே செய்தேன். விழாவுக்கு முந்தின நாளே நாற்பதும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஏழு, நான் பிரித்துத் தைத்தவை. ஒவ்வொரு முறையும் எதையும் மாற்றாமல் ஓவர்லாக்கில் போய் உட்கார்ந்தேனே, அந்த நிம்மதி இன்னும் மறக்கவில்லை.