பொன் பூசிய முகம்

பழப்புளியும் பித்தளையும் சேர்ந்த அந்தப் புளித்த வாசனை, புலம்பெயர்ந்து வந்து கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் வெள்ளிக்கிழமைகளில் படியிறங்கும்வரை கூடவே வரும். அம்மா குத்துவிளக்கு "மினுக்குகிற" நாள் அது.

அம்மாவோடு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த முன்வீட்டு டோல்மா அன்ரி, சத்திரசிகிச்சைக்குப் போகும்போது, இமயமலையிலிருந்து தன் தாயார் சுமந்துவந்த, புத்த சமயத்தவர் கும்பிடும் தாராதேவியின் வெண்கலச் சிலையை எங்களிடம் விட்டுப்போனார். காலையில் தண்ணீர் வைத்தால் போதும் என்றார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஊரில் ஆமி முகாம் வந்த இடமெல்லாம் பின்னாலேயே புத்தர் சிலையும் வந்ததைப் பார்த்தவர் அவர்.

"இதை ஏன் வீட்டுக்க கொண்டந்தனீர்?"

"இது புத்தர் இல்லையப்பா, அம்மன்," என்று அம்மா சாமித்தட்டில் துர்க்கைக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்.

அம்மனென்றால் வெள்ளிக்கிழமை மினுக்காமல் விடலாமா? புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில் முகத்துப் பொன்னும் கூந்தலின் நீலமும் தண்ணீரோடு போய்விட்டன. அதோடும் நிற்காமல், அடியை மூடியிருந்த செப்புத்தகட்டைக் கிளப்பி உள்ளேயும் கழுவக் கத்தியெடுத்தவரை அப்பாதான் தடுத்தார். "அடைச்சதைத் திறவாதையும். எங்கட சாமியறையை உடைச்சுத் திறந்தவங்களைப் பார்த்தனான்."

அன்ரி திரும்பி வந்தபோது அம்மா அழுதேவிட்டார். அந்தக் கட்டடத்தில் அவருக்கிருந்த ஒரே சிநேகிதி போய்விடுவாளோ என்று எனக்கும் பயம். அன்ரியோ சிலையைக் கவிழ்த்து அடித்தகட்டைத் தடவிப் பார்த்தார். உள்ளே மந்திரச்சுருளும் தானியமும் வைத்து மூடியிருக்கிறதாம், தகடு திறந்தால்தான் தெய்வம் போகுமாம். முகத்துக்குப் பொன் எப்படியும் புத்தாண்டுக்குப் புத்தாண்டு பூசுவதுதான் என்று தூரிகையை அம்மாவிடமே நீட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அந்தக் கட்டடம் இன்றில்லை. புளி வாசனையும் இல்லை, விளக்குக்கு இப்போது ஏதோ போத்தல் திரவம். அன்ரி லாசாலில், நாங்கள் பியர்பொன்ட்ஸில் என்று தூரதூரமாகக் குடிபோய்விட்டோம். ஆனாலும் அவர்களுடைய ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அம்மா போய்ப் பொன் பூசுவார். கூட்டிப்போகும் அப்பா காரைவிட்டு இறங்கவே மாட்டார்.

இந்த ஆண்டு அம்மாவுக்குக் கை நடுங்கியது. அன்ரி பனியில் இறங்கிவந்து கார்க்கண்ணாடியைத் தட்டினார். "நீங்கள் வந்து பூசுங்கோ," என்று பிரெஞ்சில் கேட்டார். அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்கப் போனவர், விரலில் ஒட்டியிருந்த பொன்னைக் கண்டு நிறுத்தினார். கழுவ எழும்புவார் என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளை, ஒரு கரண்டி தா," என்றார்.