நாலாம் மாடிக்கு ஐந்து கோடு

சீனர்கள் ஊருக்குப் பிழைக்க வந்த என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக இங்கே சலவைக்கூடத்தில் மூட்டை தூக்குகிறார். பெரிய மருத்துவமனையின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்கிறது. போன வருடம் முதுகு பிடித்துக்கொண்டது. "இனியும் தூக்கினா படுத்த படுக்கைதான்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை அங்கே ஒன்றே ஒன்றுதான். மூட்டையில் கட்டும் துணிப்பட்டையில், அது எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று சீன எழுத்தில் எழுதுவது. மேற்பார்வை அம்மா முன்னால் எழுதிக் காட்டினால் அந்த மேசை கிடைக்கும். ஒரு மாதம் தவணை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். சீன எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் எழுதிப் பழக அவர்கள் கொடுத்த பயிற்சித்தாளில் ஒவ்வொரு கோட்டுக்கும் எண் போட்டிருந்தது. எண் தெரியுமே! எதிரில் உட்கார்ந்து எண்ணுவது என் தலையில் விழுந்தது.

நாலு என்ற எழுத்துதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. அது ஒரு அறை மாதிரி. முதலில் இடது சுவர். பிறகு கூரையும் வலது சுவரும் ஒரே இழுப்பில். உள்ளே கூரையிலிருந்து கீழே இரண்டு கால். கடைசியில்தான் கீழ்க்கோடு. இவரோ பழக்கதோஷத்தில் நம்முடைய 'ப' போட்டு, மேலே மூடி வைத்து, அதற்குப் பிறகு காலைக் கீழிருந்து மேலே சொருகுவார்.

"ஆளு உள்ளே போறதுக்கு முன்னாடியே ஏங்க கதவைச் சாத்துறீங்க?"

"முடிஞ்சப்புறம் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதானே? எங்கே ஆரம்பிச்சேன்னு எவன் பார்க்கப் போறான்?"

"தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"தாளா வந்து மூட்டை தூக்குது?"

ஆண்டவர் எனக்குப் பொறுமையை அளந்துதான் கொடுத்திருக்கிறார் என்று அந்த மாதம் தெரிந்துகொண்டேன். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாலும் வாய் "இடது சுவர், கூரை" என்றே எண்ணியது. அவர்தான் மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது வாரம், பழகட்டும் என்று இவரை மேசையில் உட்கார வைத்தார்கள். அவசரத்தில், கடைசியாகச் சொருகிய கால்கள் கூரையைப் பொத்துக்கொண்டு மேலே நீண்டுவிட்டன. அப்படி நீண்டால் அது மேற்கு என்ற எழுத்து மாதிரி ஆகிவிடுமாம். நாலாம் மாடி விரிப்புகள் மேற்குக் கட்டிடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆறு மூட்டை. இவரே போய்த் தூக்கி வந்தார்.

வீட்டுக்கு வந்து, இடுப்பைப் பிடித்தபடி தாளை எடுத்துப் போட்டார்.

"எண்ணும்மா."

"இப்பவாவது தாள் சொல்றதைக் கேப்பீங்களா?"

"எண்ணுன்னேன்ல!"

சோதனை நாளில் பத்துப் பட்டை, ஒரே வேகத்தில் எழுதச் சொன்னார்களாம். ஒன்றில்கூடக் கால் வெளியே நீளவில்லை.

"வாய் ஏதோ முணுமுணுக்குதே, மந்திரமான்னு அந்தம்மா கேட்டாங்க" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மந்திரமில்லம்மா, வீட்ல வாங்கின திட்டுன்னேன். 'கதவைச் சாத்தாதீங்க, கதவைச் சாத்தாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டேதான் பத்தையும் எழுதினேன்."

மேசை கிடைத்துவிட்டது. கை கூப்பிக் கண்ணை மூடினேன். திறந்தபோது என் மடியில் ஒரு கட்டுத் தாள் இருந்தது.

"வார்டு பேரெல்லாம் கத்துக்கணுமாம். நாப்பத்தெட்டு எழுத்து. ஒண்ணுல மட்டும் பதினேழு கோடு. எண்ணுறியா?"

கண்ணை மறுபடியும் மூடிக்கொண்டேன்.