கணக்கில் வராத டீ

ஆறுமுகத்தாய்க்கு எதையும் சும்மா விடத் தெரியாது. கரண்ட் போனால் எங்கே ஒயர் அறுந்தது என்று விசாரிப்பாள். மாத்திரை கொடுத்தால் அது வயிற்றுக்குள் போய் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுவாள். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இருபது வருஷமாக ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறவள். தறிச் சத்தத்துக்கு மேலே கேள்வி கேட்டுக் கேட்டே குரல் பெருத்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கப் பயந்தாள். அக்கா வள்ளித்தாய்க்கு நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. இப்போது தினமும் இன்சுலின் ஊசி. காலில் ஒரு விரல் இல்லை. ஆறுமுகத்தாய்க்கு வருகிற ஆவணியில் நாற்பத்திரண்டு. நமக்கும் வருமோ?

பயத்தை எத்தனை நாள் மென்று விழுங்குவது? போய் டாக்டரிடம் கேட்டே விட்டாள். அவர் சர்க்கரையோடு இன்சுலின் அளவையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை லேப்பில் ரத்தம் எடுக்கும் விஜிதா, "ஒண்ணும் சாப்பிடலையே யக்கா?" என்றாள்.

"ஒரு பருக்கை உள்ள போகல தாயி."

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. இன்சுலின்தான் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. இதுவும் சர்க்கரை வரப்போவதற்கு அடையாளமாக இருக்கலாம் என்றாள் விஜிதா. ஆறுமுகத்தாயின் வாய் சும்மா இருக்குமா?

"எங்க அக்காவுக்கு இன்சுலின் பத்தலைன்னு ஊசி போடுதாவ. எனக்குக் கூடிப் போச்சுன்னு சொல்லுதாவ. ரெண்டும் எப்படிட்டி ஒரே சீக்காகும்?"

விஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. "ரத்தத்துல இருக்க சர்க்கரைய உடம்புக்குள்ள அனுப்புதது இன்சுலின்தான் யக்கா. உடம்பு அது பேச்சைக் கேக்கலன்னா, கணையம் இன்னும் இன்னும் சுரந்து ஈடு கட்டும். அதனால வருஷக்கணக்கா சர்க்கரை சரியாவே காட்டும். கணையம் ஓஞ்ச பிறகுதான் சர்க்கரை ஏறும்."

"அப்போ எனக்கு டபுள் ஷிப்ட் பாக்குது. அக்காவுக்கு வேலைய விட்டு நின்னுட்டு."

"அதேதான். ஆனா இவ்வளவு கூட வந்திருக்கது எனக்கே சந்தேகமா இருக்கு. நெசத்தைச் சொல்லுங்க, காலைல என்ன உள்ள போச்சு?"

"அதான் ஒண்ணுமில்லன்னேனே. டீ மட்டுந்தான். எந்திரிச்சதும் ஒண்ணு, பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு, உன் வாசல்ல காத்துக் கெடக்கையில ஒண்ணு."

விஜிதா தலையில் கை வைத்தாள். "மூணு டீயா? சீனி போட்டா?"

"சீனி போடாம குடிக்க அதென்ன கஷாயமா? டீ எப்பம்ட்டி சாப்பாடாச்சு?"

இரண்டு நாள் கழித்து, பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் போய் மறுபடி ரத்தம் கொடுத்தாள். அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் இன்னும் மேல் வரம்பை ஒட்டித்தான் நின்றது. "இதை மட்டும் வச்சு வரும்னு சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. ஆனா உங்க வீட்ல இருக்கு, எடையும் கூட. இப்பவே கவனிச்சா தள்ளிப் போடலாம், தடுக்கவும் செய்யலாம்," என்ற டாக்டர், ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார். ஆறுமுகத்தாய் முதல்முறையாக விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது வந்தது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். வள்ளித்தாய் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அப்போ எனக்கும் முன்னாலயே இப்படிக் கூடித்தான் இருந்திருக்குமோ? சர்க்கரை சரியா இருக்குன்னு நான் பாட்டுக்கு இருந்திருக்கேனோ?"

"இருந்திருக்கும் யக்கா" என்றாள் ஆறுமுகத்தாய்.

"எத்தனை டீ குடிச்சிருப்பேன்!"

"எனக்குத் தெரியாதா? அதே தறிக்கூடத்துல ரெண்டு பேரும் சேந்துதான குடிச்சோம்."



மறுநாள் பதினொரு மணிக்கு டீக்கடை நல்லக்கண்ணு தூக்குவாளியோடு தறிக்கூடத்துக்குள் வந்தார். "அண்ணாச்சி, நாளையில இருந்து எனக்கு ஒரே டீ போதும். அதுவும் சீனி போடாம."

அவர் முகம் வாடிவிட்டது. "ஏன் தாயி, உனக்கும் சுகர் வந்துட்டா?"

"வரல அண்ணாச்சி," தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள் ஆறுமுகத்தாய். "அதனாலதான் சீனி வேண்டாங்கேன்!"