இரண்டு செல்லில் நின்ற எலிகள்

எலிக்கருவைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது என் தொழிலாக இருந்தது. இதைச் சொன்னபின் யாரும் என்னிடம் ‘சம்பளம் எவ்வளவு’ என்று கேட்டதில்லை, ‘ஏன்’ என்றுதான் கேட்டார்கள். ஆய்வகத்தில் இளமையைத் தொலைத்த சக பாவிகளே, உங்களுக்கும் இது பழகியிருக்கும். நான் பழகிக்கொண்டது இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், கொல்கத்தாவில்.

அண்ணாச்சியின் மச்சான்

தமிழர்கள் அதிகம் வசிக்கும் லேக் மார்க்கெட்டில் நாங்கள் அப்பளம் வாங்கும் கடையின் அண்ணாச்சி, ஒருநாள் காபித்தூளை நிறுத்துக்கொண்டே அந்த ‘ஏன்’ கேள்வியைக் கேட்டார். கேட்டவரைச் சும்மா விடும் வழக்கம் எனக்கில்லை. செல்லுக்குள் மரபணுவிலிருந்து ‘இந்தப் புரதத்தைச் செய்’ என்று ஓலை போகும். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற சின்னஞ்சிறு துணுக்கு எந்தப் புரதத்தையும் செய்யாது. தனக்குப் பொருந்துகிற ஓலையில் ஒட்டிக்கொண்டு வேலை நடக்காமல் பார்த்துக்கொள்ளும். தாய் எலி தன் முட்டையிலேயே இவற்றில் சிலவற்றை வைத்து அனுப்புகிறது. கரு உருவான முதல் சில நாட்களில் அவை என்ன செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி என்றேன்.

அண்ணாச்சி பொட்டலத்தைக் கட்டி முடித்தார். “வேலை செய்யுறவன் கையப் பிடிச்சு நிறுத்துறதுக்குன்னே ஒரு ஆளா? நம்ம கடையில மச்சான் இருக்காரு தம்பி, கூட்டிட்டுப் போங்க.”

கார்டன் ரீச்சின் கருத்து

என் உதவித்தொகை டிசம்பரோடு முடிய இருந்தது. நீட்டிப்பது கமிட்டியின் கையில். கமிட்டிக்கு ஏதாவது ஒரு முடிவைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் எலிகளை விட்டுவிட்டு ரயில்வே தேர்வு எழுத வேண்டும். இந்த இரண்டாவது ஏற்பாடு அப்பாவுடையது. அவர் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் முப்பது வருஷமாக இருந்தார்.

“நான் எலியை வைத்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன்” என்று அவரிடம் மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். “எங்க ஆபீஸ்லயும் எலி இருக்குடா. பைலைத் தின்னுதே தவிர, யாருக்கும் பட்டம் குடுக்கலை.”

முதலில் சந்தேஷ்

சோதனை எளிமையானது. ஒரு செல்லாக இருக்கும்போதே கருவுக்குள் ஊசிபோட்டு, அதிகமாகக் காணப்படும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தடுப்போம். இன்னொரு தட்டில் அதே வயதுக் கருக்களுக்கு ஒன்றும் செய்யாத சரக்கை ஊசிபோடுவோம். இரண்டு தட்டும் உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் போகும். தடுத்தவை நின்று, மற்றவை வளர்ந்தால் என் நீட்டிப்பு உறுதி.

விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் என் சீனியர் மௌஷுமிதி பெட்டியைத் திறந்து தடுத்தவை இருந்த முதல் தட்டைப் பார்த்தாள். எல்லாம் இரண்டு செல்லோடு நின்றிருந்தன. அடுத்த தட்டைப் பார்க்குமுன் எங்கள் ஆய்வு வழிகாட்டி மேடத்துக்குச் செய்தி போய், தெருமுனைக் கடையிலிருந்து சந்தேஷ் வந்துவிட்டது. கொல்கத்தாவில் நல்ல செய்தியைச் சரிபார்ப்பது இனிப்புக்கு அப்புறம்தான். நான் ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவது தட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். அவையும் இரண்டு செல்லில் நின்றிருந்தன.

மௌஷுமிதி ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினாள். “பார்க்கிறதுக்கு முன்னாடியே இன்னொன்று எடுத்திருக்கலாம், ஷொங்கொர்.” நான் வீட்டில் சங்கர், வங்காளிகள் வாயில் இப்படி.

காளிகாட் வாசம்

எலிக்கரு இரண்டு செல்லாகும்போது தாய் கட்டிக்கொடுத்த சோறு தீர்ந்து, தன் சொந்த மரபணுக்களை எழுப்ப வேண்டும். அந்தச் சமயத்தில் காற்று சரியில்லை என்றாலும் கோபித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். கோபம் எதனால் என்று பெட்டிக்குள் மூக்கை விட்டேன். காளிகாட் கோயில் சந்து மாதிரி சாம்பிராணி மணந்தது.

விஸ்வகர்மா பூஜையன்று இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டுப் புகை காட்டுவது எங்கள் கருவிப் பராமரிப்பாளர் பிகாஷ்தாவின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் வெளியே காட்டியவர், என் பெட்டிக்கு மட்டும் கதவைத் திறந்து உள்ளேயும் காட்டியிருக்கிறார். ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன். உண்மையான வியப்போடு என்னைப் பார்த்தார். “உள்ளே இருக்கிறதுதான் உன் எதிர்காலம் என்று நீதானே அன்றைக்கு டீ குடிக்கும்போது சொன்னாய்? எதிர்காலத்துக்குப் புகை காட்ட வேண்டாமா?”

கமிட்டி

அதன்பின் துர்கா பூஜை. பக்கத்துப் பந்தலின் முரசுச் சத்தத்தில் எலிகள் இல்லறத்தையே துறந்தன. காளி பூஜை வெடியெல்லாம் ஓய்ந்தபிறகுதான் புதுக் கருக்கள் கிடைத்தன. பெட்டியைத் துடைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை நானே வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை சும்மா ஊசிபோட்டவை ஒழுங்காக வளர்ந்தன. தடுத்தவையும் அதே ஒழுங்கோடு வளர்ந்தன. மறுபடி செய்தோம், மறுபடியும் வளர்ந்தன. மேடம் மட்டும் “இதுவும் முடிவுதான், இதையே காட்டு” என்றார். சந்தேஷ் வரவில்லை.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் இருந்த முதியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், “ஆக, இத்தனை நாள் வேலை செய்து, அது ஒன்றும் செய்யவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறாய்?” ரயில்வே தேர்வு கண்முன் வந்தது. “நாங்கள் தடுத்த ஒன்றைப் பற்றித்தான் சொல்ல முடியும் சார்” என்றேன். “அது முட்டையில் இருக்கிறது. ஆனால் முதல் சில நாட்களில் அது வேலை செய்கிற அறிகுறி இல்லை. கரு வளர்ந்து தானே இவற்றைச் செய்ய ஆரம்பித்தபின் கதை மாறலாம். எப்போது மாறுகிறது என்று பார்க்கத்தான் நீட்டிப்புக் கேட்கிறேன்.”

அவர் கண்ணாடியைத் துடைத்தபடி இரண்டு பக்கமும் இருந்த சகாக்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் கண்மூடியிருந்தார். “இருந்தும் வேலை செய்யாதவர்களைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் கொடுத்துவிடலாம்.”

ஒன்று இருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்று நிரூபிக்க ஒருவன் எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் என் தொழிலின் சுருக்கம், கமிட்டிக்கு வெளியே, சொன்ன முதல் தடவையிலேயே இது புரிந்த ஒரே ஆள், ரயில்வேயில் முப்பது வருஷமாக அப்படிப்பட்டவர்களைப் பார்த்த என் அப்பா.